காணாமற்போனவரும் கற்பனை செய்வோரும்

அரபுக் கல்லூரிகளில் ஃபிக்ஹு பயிலும் மாணவர்கள் ‘மஃப்கூத்’ என்னும் பாடத்திற்கு வந்து சேரும்போது, பெரும்பாலும் சற்று அலுப்புடனேயே அதனைக் கடந்து செல்வர். உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று அறியப்படாதவரே மஃப்கூத். அவருடைய மனைவி எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், அவருடைய சொத்தை எப்போது பங்கிடலாம் என்னும் கணக்குகள், வணிகக் கூட்டங்கள் பாலைவனத்தில் வழிதவறிய காலத்திற்கு உரியவை என்றே அவர்களுக்குத் தோன்றும். கைப்பேசியும் கண்காணிப்புக் கேமராவும் நிறைந்த இக்காலத்தில் ஒரு மனிதர் எப்படிக் காணாமற்போக முடியும் என்று அவர்கள் கேட்பதுண்டு.

போக முடியும். அதுமட்டுமன்று, அவ்வாறு போனவரைப் பற்றி ‘தெரியாது’ என்று சொல்லும் ஆற்றலை நம் காலம் இழந்துவிட்டது என்பதால், அந்தப் பழைய பாடம் முன்னெப்போதையும்விட இன்று தேவைப்படுகிறது. அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை விளக்க விழைகிறேன். அதில் தொடர்புடையோர் பெயர்கள் நமக்குத் தேவையில்லை. ஆதலின் அவற்றைத் தவிர்த்துள்ளேன்.

கொலம்பஸ் நகரில் ஓர் இரவு

2006 மார்ச் 31, வெள்ளிக்கிழமை. ஓஹாயோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸில் உள்ள ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் இரண்டாமாண்டு பயின்றுவந்த 27 வயது மாணவர் ஒருவர், வசந்தகால விடுமுறையின் தொடக்கத்தில் தம் தந்தையுடன் இரவு உணவு உண்டார். அவருடைய தாயார் அம்மாதத்தில்தான் நோயுற்று இறந்திருந்தார். உணவுக்குப் பின் அவர் நண்பர் ஒருவருடன் வெளியே சென்றார். நள்ளிரவு கடந்து, பல்கலைக்கழகத்திற்கு அருகே ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்த மதுக்கூடத்தில் அவர் இருந்தார். அங்கே நகரும் படிக்கட்டை நோக்கியிருந்த கேமரா, அதிகாலை 1.55 மணியளவில் அவர் வாயிலருகே இரு பெண்களுடன் பேசிவிட்டு மீண்டும் உள்ளே செல்லத் திரும்புவதைப் பதிவு செய்தது. 2 மணிக்கு மதுக்கூடம் மூடப்பட்டது. உள்ளே இருந்தோர் படிக்கட்டில் இறங்கிச் சென்றனர். அப்பதிவில் அவர் இறங்கிச் செல்வதை எவரும் காணவில்லை. அதன்பின் இன்றுவரை அவரைப் பற்றிய செய்தி ஏதுமில்லை.

அறியப்பட்டது ஏறத்தாழ இவ்வளவே. அக்கட்டடத்திற்கு வேறு வாயிலும் இருந்தது. அது கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்த பகுதிக்கு இட்டுச் சென்றது. கேமராவும் எல்லாவற்றையும் எப்போதும் பார்ப்பதன்று. அது எத்திசை நோக்கி இருந்ததோ அத்திசையில் நிகழ்ந்ததையே காட்டும். ஆகவே ‘கேமராவில் தென்படவில்லை’ என்பதும் ‘வெளியே வரவில்லை’ என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள அந்தச் சிறு இடைவெளியில்தான் மக்களின் கற்பனை குடிபுகுந்தது.

தாயின் பிரிவைத் தாங்காமல் எல்லாவற்றையும் துறந்து வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்குச் சென்று மறைந்து வாழ்கிறார் என்றனர் சிலர். கட்டுமானப் பகுதியில் கொன்று புதைக்கப்பட்டார் என்றனர் வேறு சிலர். உடன் சென்ற நண்பரே அறிவார் என்றனர் மற்றும் சிலர். அந்நண்பர் பொய்யறியும் கருவிச் சோதனைக்கு உடன்பட மறுத்ததே இவர்களின் சான்று. அக்கருவியின் முடிவு நம்பத்தக்கதா என்பதில் அறிவியலாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஒருவரின் விருப்பமின்றி இத்தகைய சோதனைகளை நடத்துவது அரசியலமைப்புக்கு மாறானது என்று நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. அந்நண்பர்மீது எக்குற்றமும் சாட்டப்படவில்லை. ஆயினும் ஒரு மறுப்பு, மக்களின் வாயில் ஒரு தீர்ப்பாகிவிட்டது.

தந்தைக்கு எழுதப்பட்ட குறிப்பு

இவ்வூகங்களின் சுமையைத் தாங்கியவர் அந்தத் தந்தை. மனைவியை இழந்த சில வாரங்களில் மகனையும் காணாத அவர், குறி சொல்பவர் ஒருவரின் சொல்லைக் கேட்டு ஆற்றங்கரையில் பாலத்தின் அடியைத் தேடவும் தயங்கவில்லை. 2008 செப்டம்பரில் வீசிய பெருங்காற்றில் மரக்கிளை ஒன்று தாக்கி அவரும் இறந்தார். மகன் என்ன ஆனான் என்பதை அறியாமலேயே அவர் கண் மூடினார்.

அவருக்கான இணைய இரங்கற் பக்கத்தில், மகன் எழுதியது போன்ற சுருக்கமான குறிப்பு ஒன்று தோன்றியது. கரிபியன் கடலில் உள்ள தீவு ஒன்றிலிருந்து எழுதியதாக அதில் குறிக்கப்பட்டிருந்தது. எஞ்சியிருந்த உறவினர் உள்ளத்தில் அது எழுப்பியிருக்கக்கூடிய நம்பிக்கையைச் சொல்ல வேண்டியதில்லை. விசாரணையில், அக்குறிப்பு கொலம்பஸ் நகரம் அமைந்த மாவட்டத்திலேயே பொதுக் கணினி ஒன்றிலிருந்து எழுதப்பட்ட பொய் எனத் தெரிந்தது. ‘தீவில் வாழ்கிறார்’ என்னும் ஊகம் முதலில் பேச்சாக இருந்தது. பிறகு ஒருவரின் கைவழியே ஆவணமாகிவிட்டது. 2020இல் மெக்சிகோவின் டிஹுவானா நகரில் எடுக்கப்பட்ட ஒரு வீடற்றவரின் படத்தைக் கண்டு இவரே அவர் என்றனர். அமெரிக்கப் புலனாய்வுத் துறை முகங்களை ஒப்பிட்டு, அவர் அல்லர் என்று அறிவித்தது.

ஊகம் எவ்வாறு வளர்கிறது?

தனி ஒருவரைப் பற்றிய ஊகங்கள் பல சேரும்போது, அவற்றைக் கோப்பதற்கு ஒரு பெரிய கதை பிறக்கிறது. அமெரிக்காவில் இரவில் மது அருந்திவிட்டுத் தனியே திரும்பிய கல்லூரி இளைஞர்கள் பலர் நீர்நிலைகளில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டனர். 2008இல் ஓய்வுபெற்ற நியூயார்க் காவல்துறைப் புலனாய்வாளர் இருவர், இவை விபத்துகள் அல்ல, ஒரு கொலைக்கும்பலின் செயல் என்றனர். உடல்கள் நீரில் வீழ்ந்ததாக அவர்கள் கருதிய இடங்கள் சிலவற்றின் அருகே சிரிக்கும் முகம் வரையப்பட்டிருந்ததை அவர்கள் சான்றாகக் காட்டினர். சுவரில் சிரிக்கும் முகம் வரைவது அந்நாட்டில் மிகச் சாதாரணம். தேடினால் எந்த ஊரிலும் கிடைக்கும். இக்கூற்றுக்கு ஆதாரமில்லை என அமெரிக்கப் புலனாய்வுத் துறை அவ்வாண்டே தெரிவித்தது. ஆயினும் அக்கதை இன்னும் ஓயவில்லை. கொலம்பஸ் மாணவரையும் அதற்குள் இழுத்தவர்கள் உண்டு. அவருடைய உடலோ எந்த நீரிலும் கிடைக்கவில்லை.

இத்தகைய ஊகம் குற்றமற்றவரையும் குற்றவாளியாக்கவல்லது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் பயின்ற இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர் 2013 மார்ச் மாதம் காணாமற்போனார். அவர் இரவுக் கேளிக்கைக்குச் சென்றவர் அல்லர், மனச்சோர்வுற்றிருந்தவர். அவரைத் தேடி அவர் குடும்பத்தினர் படங்களைப் பரப்பினர். ஏப்ரல் 15 அன்று பாஸ்டனில் குண்டுகள் வெடித்தன. மூன்று நாட்களுக்குப் பின் ஐயத்திற்குரிய இருவரின் தெளிவற்ற படங்கள் வெளியானபோது, அவற்றுள் ஒன்று இம்மாணவரே என்று முன்பின் அறியாதவர்கள் முடிவுகட்டினர். அவரைக் கண்டுபிடிப்பதற்காக உருவாக்கப்பட்ட பக்கமே வசைமொழிகளால் நிறைந்தது. மறுநாட் காலையிலேயே குற்றம் சாட்டப்பட்டவர்கள் வேறு இருவர் எனத் தெளிவாயிற்று. ஏப்ரல் 23 அன்று அம்மாணவரின் உடல் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. மகனைத் தேடிக்கொண்டிருந்த பெற்றோர், அந்த ஓர் இரவு முழுவதும் பயங்கரவாதியின் பெற்றோராக இழிவுபடுத்தப்பட்டனர்.

உஸூல் அறிஞர்கள் அறிவின் படித்தரங்களை நான்காகப் பிரிப்பர். உறுதியானது யகீன். இரு சாத்தியங்களுள் ஆதாரத்தால் வலுப்பெற்ற பக்கம் ளன்னு. இரண்டும் சமமாக நிற்பது ஷக்கு. வலுவற்ற பக்கத்தைப் பற்றிக்கொள்வது வஹ்மு. மேற்கண்ட நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் நடந்தது, வஹ்மை யகீனின் இடத்தில் அமர்த்தியதேயாகும். புலனாய்வாளர்களும் ஊகிக்கத்தான் செய்கின்றனர். அது அவர்கள் கடமை. ஆனால் அவர்கள் ஓர் ஊகத்தைச் சோதித்து, பொய்த்தால் கைவிடுகின்றனர். பொதுமக்களின் ஊகத்தைச் சோதிப்பார் எவருமில்லை; பரப்புவாரே உள்ளனர்.

கூட்டத்தைவிட்டுப் பின்தங்கிய ஓர் இரவு

இது நமக்கு அயலான நோயன்று. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்புகையில், தவறிப்போன கழுத்து மாலையைத் தேடச் சென்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், படை புறப்பட்டுவிட்டதால் ஓர் இரவு தனித்துப் பின்தங்கினார்கள். மறுநாள் நபித்தோழர் ஒருவரின் துணையுடன் வந்து சேர்ந்தார்கள். நிகழ்ந்தது இவ்வளவே. அந்த ஓர் இரவின் இடைவெளியை நயவஞ்சகர்கள் அவதூறால் நிரப்பினர். அதனை நல்லோரில் சிலரும் திருப்பிச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் மதீனா அப்பேச்சில் உழன்றது.

அந்நூர் அத்தியாயத்தின் 11 முதல் 20 வரையிலான வசனங்கள் இதனைக் கண்டிக்கும் முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவதூறைப் புனைந்தவர்களோடு அவை நின்றுவிடவில்லை. கேட்டவர்கள் ஏன் நல்லெண்ணம் கொள்ளவில்லை என்று வினவுகின்றன. அறியாத ஒன்றை வாயால் மொழிந்து அதனை அற்பமாகக் கருதியதைச் சுட்டிக்காட்டுகின்றன. அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்கள் தம் மனைவியிடம், நீ அவ்வாறு செய்வாயா என்று வினவி, அவர் மறுத்ததும், ஆயிஷா உன்னைவிட மேலானவர் அன்றோ என்று அப்பேச்சை முடித்துவிட்டதாக வரலாற்றில் காண்கிறோம். வதந்தி ஒரு வீட்டு வாயிலில் எவ்வாறு இறந்துபோகும் என்பதற்கு இது சான்று.

இங்கே வாசகருள் சிலருக்கு ஒரு தயக்கம் எழலாம். அன்னையின் தூய்மை எங்கே, மதுக்கூடத்தில் இரவைக் கழித்த மாணவர் எங்கே? இருவரும் ஒப்பாகார் என்பது உண்மை. எனினும், மது விலக்கப்பட்டது என்பது மார்க்கச் சட்டம். ‘குடித்தான், ஆகவே இப்படி ஆகியிருப்பான், இதற்குத் தகுதியானவனே’ என்பது மற்றுமோர் ஊகம். ஒருவர் செய்த பிழை, அவரைப் பற்றிப் பொய் சொல்ல நமக்கு உரிமை தருவதில்லை. அவரைத் தேடும் கடமையையும் அது குறைப்பதில்லை.

மஃப்கூத் பாடத்தின் அருமை

இப்போது பழைய பாடத்திற்கு வருவோம். உறுதி, ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. காணாமற்போனவர் உயிருடன் இருந்தார் என்பது உறுதி. இறந்தார் என்பது ஐயம். எனவே இறப்பு உறுதிப்படும் வரையில், அல்லது காஜி தீர்ப்பளிக்கும் வரையில், அவருடைய சொத்தை வாரிசுகள் பங்கிட முடியாது. இடையில் அவருடைய தந்தை இறந்தால், இவருக்குரிய பங்கு எவருக்கும் கொடுக்கப்படாமல் நிறுத்திவைக்கப்படும். அவர் வந்தால் அது அவருக்கு. வராமற்போனால் மற்ற வாரிசுகளுக்கு.

கொலம்பஸ் தந்தையின் இறப்பை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஃபகீஹ் ஒருவர் அந்நிலையில் மகனின் பங்கை எடுத்துத் தனியே வைத்திருப்பார். முகமறியாத ஒருவரோ அம்மகனின் பெயரால் இரங்கற்குறிப்பு எழுதினார். இருவரும் அவ்வெற்றிடத்தையே கண்டனர். முன்னவர் அதனைக் காத்தார். பின்னவர் அதில் தம் கற்பனையை எழுதினார்.

அதே வேளையில், அறியாமை முடிவின்றி நீண்டு உயிரோடிருப்பவரை வதைப்பதையும் சட்டம் ஏற்கவில்லை. ஹனஃபி மத்ஹபின் பழைய கருத்து, அவருடைய ஒத்த வயதினர் இறக்கும் காலம்வரை காத்திருக்கச் சொன்னது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பைச் சார்ந்து, மனைவிக்கு நான்காண்டுத் தவணையை மாலிக்கி மத்ஹபு வகுத்தது. இந்திய ஹனஃபி உலமாக்கள் பெண்களின் துயரம் கருதி அக்கருத்தை ஏற்றனர். அதுவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் இடம்பெற்றது. அச்சட்டத்திலும் தீர்ப்புக்குப்பின் ஆறு மாத அவகாசம் உண்டு. அதற்குள் கணவர் திரும்பினால் தீர்ப்பு விலக்கப்படும். ஏழாண்டுகள் செய்தியில்லையெனில் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்த விதி; 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமும் அதனையே தொடர்கிறது.

இவ்விதிகள் எவையும் ‘என்ன நடந்தது’ என்பதற்கு விடை கூறுவதில்லை. விடை இல்லாத நிலையில் மனிதர் எவ்வாறு நீதியுடன் வாழ்வது என்பதையே அவை கூறுகின்றன.

அப்படியாயின், கைகட்டி வாய்மூடி இருப்பதே நம் கடமையா? அன்று. கண்டவர் கண்டதை உரியவரிடம் சொல்ல வேண்டும். அது சாட்சியம், அதனை மறைத்தல் பாவம். காணாதவருக்கும் ஒரு பணி உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள லா கிராஸ் நகரில் 1997 முதல் 2006 வரை இளைஞர்கள் பலர் இரவில் ஆற்றில் மூழ்கி இறந்தனர். அங்கும் கொலைகாரன் ஒருவன் உலவுகிறான் என்னும் பேச்சு பரவியது. ஆனால் 2006இல் அந்நகரக் கல்லூரி மாணவர்களே முன்வந்து, வார இறுதி இரவுகளில் ஆற்றங்கரைப் பூங்காவில் காவல் நின்றனர். நிலை தடுமாறி நீரை நோக்கிச் செல்வோரைத் தடுத்துத் திருப்பி அனுப்பினர். அவர்கள் மர்மத்தைத் துலக்கவில்லை. மற்றொரு வீட்டில் மர்மம் நிகழாமல் காத்தனர்.

அறியாததன் பின்னே செல்ல வேண்டாமென்றும், செவியும் பார்வையும் இதயமும் விசாரிக்கப்படுமென்றும் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. காணாமற்போனவரின் வீட்டில் ஒவ்வொரு நாளும் கதவு தட்டப்படும் ஓசைக்காக எவரேனும் காத்திருப்பர். அக்கதவை நம் ஊகங்களால் தட்டாதிருப்போமாக.