மொட்டைக் கடிதமும் துப்பறிவாளரும்

துப்பறிவாளர் என்றதும் நம்மில் பலருக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால்தான் நினைவுக்கு வருவார். ரயில்வேயில் பாதைப் பிரிவுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றபின், மும்பைத் துப்பறியும் நிறுவனம் ஒன்றில் பகுதி நேரமாக நான் பார்க்கும் வேலையில் கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். சொந்த ஊர் என்றால் கோயில் குருக்களிடம் கேட்டாலே பையனின் மூன்று தலைமுறையும் தெரிந்துவிடும். வெளி மாநிலத்தில் யாரைக் கேட்பது?

ரயில் தடம் புரண்டால் முதலில் தண்டவாளத்தை அளப்போம். சக்கரம் ஏறிய தடத்தைக் குறித்துக்கொள்வோம். வாக்குமூலமெல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கும் அதே முறைதான்.

நிச்சயதார்த்தம் முடிந்த நிலையில் ஒரு குடும்பத்துக்கு மொட்டைக் கடிதம் வந்தது. ‘புனேயில் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவியும் குழந்தையும் உண்டு. நான் பக்கத்து வீட்டுக்காரன்’ என்றிருந்தது. பெண்ணின் தாயார் அழுதுகொண்டே இருந்தார். உறையைத் திருப்பிப் பார்த்தேன். தபால் முத்திரை புனேயுடையது அல்ல. பெண் வீட்டார் வசிக்கும் அதே புறநகருடையது. ஆனால் அது மட்டும் போதாது. மும்பை வந்தபோது போட்டிருக்கலாம் அல்லவா?

புனேயில் இரண்டு நாள் விசாரித்தேன். அந்த வீட்டில் ஓர் இளம் பெண்ணும் குழந்தையும் இருப்பது உண்மை. இஸ்திரிக்காரர் மனைவி என்றார், மளிகைக் கடைக்காரர் அக்கா என்றார். கேள்விப்பட்டது ஆதாரமாகாது. பெண்ணின் தந்தையிடம் சம்மதம் பெற்று, மாப்பிள்ளையின் தந்தையையே நேரில் கேட்டேன். மகளின் திருமணச் சான்றிதழ், மருமகனின் இறப்புச் சான்றிதழ், பேரனின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வைத்தார். விதவை மகள் வீட்டோடு இருப்பது தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று மறைத்தாராம்.

கடிதம் சொன்னது பொய், சம்பந்தி மறைத்தது உண்மை. இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். பெண்ணே முடிவெடுத்தாள், கல்யாணம் நடந்தது. கடிதம் எழுதியவரைத் தேடும்படி யாரும் கேட்கவில்லை. நானும் தேடவில்லை.

அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007இல் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. ஆகவே என்ன வேலை, என்ன கட்டணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘தொலைபேசி அழைப்புப் பட்டியலை வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் போகாதீர்கள், அது குற்றம். 2018இல் தாணே போலீசார் இதன் பேரில் துப்பறிவாளர்கள் சிலரைக் கைது செய்தனர். முக்கிய விஷயத்தை மறைத்து ஏமாற்றிச் செய்த கல்யாணத்தை ரத்து செய்யக் கோர, 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஏமாற்று தெரிந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். முன்னதாகவே இரண்டு நாள் விசாரிப்பது அதைவிட எளிது.