மக்தபுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே பசியாறுதல்

சுப்ஹுக்குப் பின் மக்தப். அது விட்டதும் பையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம். நம் ஊர்களில் பல பிள்ளைகளின் காலைப்பொழுது இப்படித்தான் ஓடுகிறது. நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில் ஒரு டம்ளர் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் உள்ளே போகும். அதைப் பசியாறியதாகச் சொல்ல முடியாது. தேநீரோ, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. நம் சமுதாயத்தார் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளும் இதில் அடங்கும். ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாற்றி மாற்றி, காய்கறி சாம்பாரோடு தருகிறார்கள். உப்புமா என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளையும் பக்கத்தில் பத்துப் பேர் சாப்பிட்டால் தானாகச் சாப்பிடும். மதியச் சத்துணவில் முட்டையும் உண்டு.

இருந்தும் சில பெற்றோர் பிள்ளையை அங்கே சாப்பிட விடுவதில்லை. ஹலாலா என்ற தயக்கம் ஒன்று. அந்தச் சமையலில் இறைச்சியே கிடையாது. அரிசி, ரவை, பருப்பு, காய்கறி, முட்டை இவற்றில் மார்க்கத் தடை ஏதுமில்லை. இன்னொன்று வெளியில் சொல்லாத தயக்கம்: வாப்பா வெளிநாட்டில் சம்பாதிக்கும்போது இலவசச் சாப்பாடு எதற்கு? இது ஸகாத் அல்ல, ஏழைகளுக்கென்று ஒதுக்கியதும் அல்ல. வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது.

அதே வீட்டில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் தாராளமாகப் புழங்குகிறது. பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று வாங்கித் தருகிறோம். அது சைவம் என்பதைத்தான் அந்தப் புள்ளி சொல்லும்; உப்பும் எண்ணெயும் எவ்வளவு என்று சொல்லாது. குர்ஆனின் 2:168 வசனம் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே கூறுகிறது. நாம் முதல் சொல்லை மட்டும் விசாரித்துவிட்டு நின்றுவிடுகிறோம்.

நேரம்தான் பெரிய சிக்கல். முதல் மணி அடிப்பதற்குள் காலை உணவு பரிமாறி முடிந்துவிடும். மக்தப் தாமதமாக விட்டால் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடும் இல்லை, பள்ளிக்கூடத்துச் சாப்பாடும் இல்லை. ஜமாஅத் நிர்வாகிகள் உஸ்தாதையும் தலைமையாசிரியரையும் கலந்து பேசி, மக்தபைக் கால் மணி நேரம் முன்னதாக முடித்தால் போதும். இதற்குச் செலவே இல்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து இந்தக் காலை உணவு கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பருவமடையும் வயதுப் பெண்பிள்ளைகளுக்கு, இரவே ஊறவைத்த கொண்டைக்கடலைச் சுண்டலோ அவித்த முட்டையோ மக்தபுக்குக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடலாம். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கலாம்.