நைல் நதியில் பாய் விரித்து

நைல் வடக்கு நோக்கி ஓட, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்தே வீசுவதால், பாயை விரித்தால் ஓட்டத்தை எதிர்த்தும், சுருட்டினால் ஓட்டத்தோடும் செல்லலாம் என்னும் இயற்கையின் அனுக்கிரகமே எகிப்தின் புராதன நாகரிகத்துக்கு ராஜபாட்டையாயிற்று.

சிறு கோஷ்டியாகத் 'தஹபியா' என்னும் இரட்டைப்பாய்ப் படகில் எஸ்னாவிலிருந்து அஸ்வானுக்குப் போகிறவர்கள், பெருங்கப்பல்கள் நிற்காமல் கடந்துவிடும் கெபெல் சில்சிலாவில் இறங்கி, கர்நாக் ஆலயத்துக்குக் கல் வெட்டிய பாறைகளில் வரிவரியாய்ப் பதிந்திருக்கும் உளித்தழும்புகளை அருகிருந்து காணலாம்.

அப்பால் நூபியர் தேசம். 1960இல் தொடங்கிய அஸ்வான் மேலணையின் நீர் பூர்வீகக் கிராமங்களை விழுங்கியமையால், 1963-64இல் அவர்கள் கொம் ஓம்போ அருகே குடியேற்றப்பட்டனர். அபூ சிம்பல் ஆலயத்தைத் துண்டுதுண்டாக அறுத்து மேட்டில் நிறுவிய உலகம், வாசற்சுவரில் பீங்கான் தட்டுகள் பதித்த அவர்களுடைய இல்லங்களை வெள்ளத்துக்கு விட்டுவிட்டதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது. ஆயினும் அஸ்வானை ஒட்டிய எலிபெண்டைன் தீவின் கிராமங்களில் நூபிய பாஷை இன்றும் ஒலிக்கிறது. யாத்திரிகர் அங்கே ஒரு மாலைப்பொழுதையாவது கழிக்க வேண்டும்.