உடம்பை அதட்டாமல் ஒரு யோகாசனம்

யோகா வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் உடம்பின் மேல் புகாரோடுதான் வருவார்கள். "முதுகு வளைய மாட்டேங்குது", "முட்டி சொன்ன பேச்சு கேக்கல", "இந்த வயிறுதான் தொல்லை". தான் எஜமான், உடம்பு வேலைக்காரன் என்கிற நினைப்பு இது. இந்த நினைப்போடு ஆசனம் செய்தால் சுளுக்கும் பிடிப்பும்தான் மிஞ்சும்.

திருமூலர் மனம் மாறிய இடம்

உடம்பை இழிவாகப் பார்த்த மரபும் நம்மிடம் உண்டு. தானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்ததை ஒளிக்காமல் சொன்னவர் திருமூலர். உடம்புக்குள்ளேயே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் பாடுகிறார். தைத்திரீய உபநிடதம் மனிதனை அடுக்கடுக்காக விவரிக்கும்போதும் சோற்றால் ஆன உடம்பிலிருந்துதான் தொடங்குகிறது. மூச்சும் மனமும் அறிவும் ஆனந்தமும் அதற்கு அப்புறம்தான்.

நரம்புகள் கொண்டுவரும் சேதி

கண்ணை மூடிக்கொண்டும் விரலால் மூக்கைத் தொட முடிகிறது. தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள், கை எங்கே இருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் தெரிவிப்பதே காரணம். 1932-இல் நோபல் பரிசு பெற்ற சார்லஸ் ஷெரிங்டன் இந்தப் புலனை ஆராய்ந்தவர். பசி, இதயத்துடிப்பு, மூச்சுத்திணறல் என உடம்பின் உள்ளிருந்து வரும் சேதிகளும் மூளைக்குப் போகின்றன. பயந்தால் வயிறு கலங்குவதும், கோபம் வந்தால் தாடை இறுகுவதும் மனமும் உடம்பும் தனித்தனி இல்லை என்பதற்கு அன்றாடச் சாட்சி.

குனிந்து பாருங்கள்

பச்சிமோத்தானாசனத்தில் காலை நீட்டி உட்கார்ந்து குனிகிறோம். கட்டைவிரலைப் பிடித்தே தீருவேன் என்று எக்கினால், தொடையின் பின்தசை விட்டுக்கொடுக்காத நிலையில் பாரமெல்லாம் கீழ்முதுகில் விழும். போர்வையை மடித்து அதன் மேல் உட்காருங்கள். முட்டியைச் சற்று மடக்குங்கள். இடுப்பு முன்னால் சாய்வது தெரியும். அந்த நிலையிலேயே இருந்து நாலைந்து மூச்சு விடுங்கள்.

தசையின் நடுவில் மிதமான இழுப்பு தெரிந்தால் பரவாயில்லை. மூட்டில் குத்தினாலோ, சுரீரென்று காலில் வலி இறங்கினாலோ, மரத்துப்போனாலோ மெதுவாக வெளியே வந்துவிடுங்கள். மூச்சு அடைத்துக்கொண்டால் எல்லை தாண்டியாயிற்று என்று பொருள்.

யோகா ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்கார் பெல்ட்டும் கட்டையும் போர்வையும் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தது இதற்காகத்தான். ஆசனத்தை ஆளுக்கேற்ப மாற்றலாம். ஆளை ஆசனத்துக்கேற்ப முறிக்கக் கூடாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

• கண் நீர் அழுத்த நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்.

• முதுகுத்தண்டு டிஸ்க் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

• சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு உடம்பின் சேதி முழுதாக வந்து சேராது. ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனங்களைச் சுவரோரமாகச் செய்வது நல்லது.

• கண்ணை மூடி உடம்பைக் கவனிக்கும்போது சிலருக்குப் படபடப்பு வரும். அவர்கள் கண்ணைத் திறந்தே செய்யலாம்.

• யோகா செய்கிறோம் என்று மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வகுப்பு தொடங்குமுன், இன்று எங்கே பிடிக்கிறது, எங்கே வலிக்கிறது என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டபின்னும் ஆசனத்தை மாற்றித் தராத வகுப்பு உங்களுக்கு வேண்டாம்.