காங்கிறீற்று வாகனப் பாதைக் குழி திருத்தம்

காங்கிறீற்று வாகனப் பாதைக் குழி திருத்தம் என்பது, தெருவிலிருந்து வீட்டின் வண்டிக் கொட்டகை வரை இடப்பட்ட காங்கிறீற்றுத் தளத்தில் ஏற்படும் குழிகளையும், உதிர்ந்த பகுதிகளையும் நிரப்பிச் சீராக்கும் வேலை ஆகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் தனி வீடுகளுக்கு இத்தகைய பாதைகள் பரவலாக உள்ளன. இத்தளங்களின் தடிப்பு பொதுவாக 100 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். திருத்தம் நிலைத்திருப்பது, நிரப்பும் பொருளின் வலிமையைக் காட்டிலும், அது பழைய காங்கிறீற்றுடன் எவ்வளவு நன்றாகப் பிணைகின்றது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

காரணங்கள்

காங்கிறீற்று நுண்துளைகள் கொண்ட பொருள். இத்துளைகளில் புகும் நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகின்றது. உறைதலும் உருகுதலும் மாறி மாறி நிகழ்வதால் மேற்பரப்பு சிறிது சிறிதாக உதிர்கின்றது. பனியை உருக்கத் தூவப்படும் உப்பு இச்சிதைவை விரைவுபடுத்துகின்றது. நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கலவையில் உண்டாக்கினால், உறையும் நீர் விரிவடைய இடம் கிடைக்கும். இம்முறை 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் உருவானது.

கலவையில் நீர் மிகுதல், மேலே கசிந்த நீர் வற்றுமுன் மேற்பரப்பைத் தேய்த்து மட்டப்படுத்துதல் ஆகியவை மேற்படையை நலிவடையச் செய்கின்றன. நீரை உறிஞ்சும் சல்லிகள் உறைந்து விரியும்போது கூம்பு வடிவச் சிறு குழிகள் உண்டாகின்றன. தளத்தினுள் இருக்கும் உருக்குக் கம்பிகள் துருப்பிடிப்பதும் ஒரு காரணமாகும். துரு, உருக்கைவிடக் கூடுதலான இடத்தை அடைப்பதால் மேலுள்ள காங்கிறீற்றைத் தள்ளி உடைக்கின்றது.

சோதித்தல்

குழியைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பர். நல்ல பகுதி கணீரென ஒலிக்கும். அடியில் பிரிந்த பகுதி பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளலான பகுதி முழுவதும் அகற்றப்பட வேண்டும். அடிமண் அரிக்கப்பட்டுத் தளமே தாழ்ந்திருந்தால், குழியை நிரப்புவதால் பயனில்லை. அடித்தளத்தைச் சீராக்கிய பின்னரே தளத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

குழியை ஆயத்தப்படுத்தல்

குழியின் விளிம்புகள் செங்குத்தாகவோ, அடிப்பகுதி மேற்பகுதியைவிடச் சற்று அகலமாகவோ இருக்குமாறு வெட்டப்படுகின்றன. சரிந்து மெலியும் விளிம்பில் புதிய சாந்து மிக மெல்லிய தகடாக அமைவதால், அது சக்கரம் ஏறும்போது எளிதில் உடைந்துவிடும். சாதாரண சீமெந்துச் சாந்துக்கு விளிம்பில் குறைந்தது 25 மில்லிமீட்டர் ஆழம் இருப்பது நல்லது.

பின்னர் தூசி, எண்ணெய், தளர்ந்த துகள்கள் ஆகியவற்றைக் கம்பித் தூரிகையாலும் நீராலும் நீக்க வேண்டும். பழைய காங்கிறீற்று உலர்ந்திருந்தால், புதிய சாந்திலுள்ள நீரை உறிஞ்சி இணைப்பை வலுவிழக்கச் செய்யும். ஆகவே அதை நன்கு நனைத்து, தேங்கிய நீரை ஒற்றி எடுக்கின்றனர். உட்புறம் ஈரமாகவும் மேற்பரப்பு நீர்ப்படலம் இன்றியும் இருப்பதே தக்க நிலை.

நிரப்புதல்

முதலில் கெட்டியான சீமெந்துக் குழம்பு தூரிகையால் அழுத்தித் தேய்க்கப்படுகின்றது. அது காயுமுன் சாந்தை இட வேண்டும். காய்ந்த குழம்பு இணைப்பதற்குப் பதிலாகப் பிரிக்கும் படலமாகிவிடும். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கே நீர் சேர்க்கப்படும். ஆழமான குழிகளுக்குச் சிறு சல்லியும் சேர்ப்பதுண்டு. சீமெந்தை மிகுதியாக இட்டால் சாந்து காயும்போது கூடுதலாகச் சுருங்கி, விளிம்பில் வெடிப்பு உண்டாகும்.

மெல்லிய படையாக நிரப்புவதற்குப் பல்பகுதியம் கலந்த சீமெந்துச் சாந்து ஏற்றது. எப்பொக்சிப் பிசின் வலிமையானது. ஆயினும் வெப்பத்தால் காங்கிறீற்றைவிடக் கூடுதலாக விரிந்து சுருங்கும். குழி, தளத்தின் விரிவு இணைப்பை ஒட்டியிருந்தால் அவ்விணைப்பைச் சாந்தால் மூடாது, இடையில் பட்டிகை வைத்துக் காக்க வேண்டும்.

நீராற்றல்

சீமெந்து கெட்டியாவது உலர்வதால் அன்று. நீருடன் நிகழும் வேதிவினையால் ஆகும். எனவே நிரப்பிய இடத்தை ஈரச் சாக்கினாலோ பிளாத்திக்குத் தாளினாலோ மூடி, ஏழு நாட்கள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அதுவரை வாகனங்களை ஏற்றலாகாது. உறைபனி எதிர்பார்க்கப்படும் நாட்களில் இவ்வேலையைத் தவிர்க்க வேண்டும்.

பாதுகாப்பு

காங்கிறீற்றை வெட்டும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலைப் பாதிக்கும். நீர் தெளித்து வெட்டுவதும், தகுந்த முகமூடி அணிவதும் இன்றியமையாதவை. ஈரச் சீமெந்து கடுமையான காரத்தன்மை உடையது. தோலில் நெடுநேரம் படிந்தால் புண்ணாக்கும். ஆதலால் கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும்.