உங்களுக்குத் தெரியுமா? உப்பளக் கரையில் ஒலித்த சீறியாழ்

வானூரை அடுத்த மரக்காணக் கடற்கரையில், வெயிலில் வெண்மையாக மின்னும் உப்புப் பாத்திகளைக் கண்டு வியந்து செல்லும் யாத்திரிகருள் மிகப் பலர், இப்பிரதேசத்திற்குச் சங்கீதத்தோடு உள்ள புராதன சம்பந்தத்தை அறியார்.

பத்துப்பாட்டுள் 269 அடிகளாலாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டதிபதியாகிய நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், சீறியாழ் ஏந்தி வறுமையால் வாடி வரும் மற்றொரு பாணனை அவ்வள்ளலிடமே வழிப்படுத்துவதாக நல்லூர் நத்தத்தனார் இயற்றியது. உப்பு வாணிகராகிய உமணருடைய வண்டிகளும், அலைகடலை அடுத்த எயிற்பட்டினமும் அதில் வருணிக்கப்படுகின்றன. அப்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம்.

அரசர் ஆதரவில் இசை வளர்ந்த அந்த மரபு பிற்காலத்திலும் அற்றுப்போகவில்லை. விஜயநகரத்து ராமராயரின் ஆதரவில் ராமாமாத்தியர் 1550-இல் ‘ஸ்வரமேளகலாநிதி’ என்னும் சங்கீத லக்ஷண கிரந்தத்தை இயற்றினார். அடுத்த நூற்றாண்டில், தஞ்சை விஜயராகவ நாயக்கரின் சபையை அலங்கரித்த வேங்கடமகி, 72 மேளங்களை வகுத்துக் கர்நாடக இசைக்கு நிலையான அஸ்திவாரம் அமைத்தார்.