உங்களுக்குத் தெரியுமா? 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் கார்

1976-ஆம் ஆண்டு மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 240டி கார் ஒன்று, கிரேக்க நாட்டில் டாக்சியாக 46 லட்சம் கிலோமீட்டர் ஓடித் தீர்த்தது. இப்போது அது ஜெர்மனியில், பென்ஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. பழைய டீசல் இன்ஜினுக்குச் சாவே இல்லை என்பவர்கள் இதைத்தான் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால், அந்தக் காரின் இன்ஜின் ஒரு முறையல்ல, பல முறை மாற்றப்பட்டது. காரை வாழவைத்தது இரும்பின் உறுதி மட்டுமல்ல, விடாத பராமரிப்பும்தான்.

ஸ்பார்க் பிளக்கே இல்லாத இன்ஜினில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அது இல்லாததால்தான், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றியாக வேண்டும். வால்வு இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாவிட்டால் கம்ப்ரஷன் கசியும். குளிர்ந்த காலையில் வண்டி வெண்புகை கக்கி அடம்பிடிக்கும். ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், டீசலில் வரும் தூசி பம்பையும் நாசிலையும் அரிக்கும். எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் புகையில் பழைய டீசல் கார்கள் புதுக் கார்களுக்கு ஈடாகா என்பது உண்மைதான்; கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இவற்றில் கிடையாது. அதனாலேயே, பழைய டீசலை வைத்திருப்பவருக்குப் பராமரிப்பு என்பது ஆசை அல்ல, கடமை.